துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

"தெரியாது" என்ற வார்த்தையை வாயைத் திறந்து சொல்ல எனக்கு இருபத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் யார் எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். சரியா தப்பா என்பது கேட்டவர் பாடு. இப்போதும் நான் கர்வக்காரிதான், மறைக்கப்போவதில்லை. ஆனால் ஜவளகிரிக்குப் பக்கத்தில் ஒரு கொல்லைமேட்டில், நாற்பது பேர் பார்க்க, அந்தக் கர்வம் சந்தி சிரித்த கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வார்.

அறுபதுகளின் கடைசி. பெங்களூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய காலேஜில் பி.ஏ. முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் பண்ணி, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். மாதா கோயிலைச் சுற்றி நூறு வீடு. அதில் இங்கிலீஷில் கனவு காண்கிற ஒரே ஆள் நான்தான் (இதையும் நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்). கருங்கல் வியாபாரம் செய்த நாயுடு தன் ஆபீஸில் ஒரு மாதத்துக்கு மட்டும் வேலை கொடுத்தார். இத்தாலியிலிருந்து ஒருவர் கல் வாங்க வருகிறார், அவரோடு பேச ஆள் வேண்டும். வியாபாரம் முடிந்தால் வேலை நிரந்தரம். முடியாவிட்டால் அம்மா தயாராக இருந்தாள். "ஈஸ்டர் கழிஞ்சதும் பொண்ணு பாக்க வராங்க. அதுக்கப்புறம் ஆபீசாவது கீபீசாவது!"

எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த நாற்காலி, அந்த டைப்ரைட்டர், காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம், எல்லாமே வேண்டும். அந்த வயதில் வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"லூர்தும்மா, நம்ம ஜனங்க கிட்ட எப்பிடி நடந்துக்கணும்னு அந்தாளுக்கு நல்லா சொல்லிக் குடு" என்றார் நாயுடு. "போன தடவை வந்தவன் பூட்ஸோட வீட்டுக்குள்ள ஏறி, குடுத்த மோரை எடது கையில வாங்கினான். காரியமே கெட்டுப் போச்சு."

"எனக்குத் தெரியாததா சார்!" என்றேன்.

அன்று ராத்திரியே (சாரி, அன்று சாயங்காலமே, ராத்திரி கரண்ட் இல்லை) "இந்தியாவில் எப்படி நடந்துகொள்வது" என்று இருபத்திரண்டு விதிகளை டைப் அடித்தேன். செருப்பைக் கழற்று. வலது கையால் வாங்கு. சாப்பாடு வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் அது வெறும் வெட்கம், மூன்று தடவை சொன்னால்தான் வேண்டாம். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் வீட்டுக்குக் கிளம்பு. இப்படியே போகும். முள்கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று அயர்லாந்து சிஸ்டர்களிடம் படித்த ஒருத்தி எழுதிய இந்தியக் கலாசாரம் அது.

இத்தாலிக்காரர் பெயர் மார்செல்லோ. எங்கள் டிரைவர் முனிசாமிக்கு அது வாயில் நுழையாததால் முதல் நாளே மாரிச்செல்வம் ஆகிவிட்டார். நல்ல மனிதர். என் விதிகளை ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் செய்தார். ஜீப்பில் தளி ரோட்டில் போகும்போது கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பயிர் நின்ற கொல்லைகளைச் சுற்றிக் கயிறு கட்டித் தகர டப்பா தொங்கவிட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? "மத்தியான ஜெபத்துக்கு மணி அடிக்க" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். முனிசாமிக்கு அப்போது ஏனோ இருமல் வந்தது.

பாறை இருந்த நிலம் கெம்பண்ணாவுடையது. நாற்பது வருஷம் சந்தை சந்தையாக மாடு விற்று வாங்கியவர். பட்டா நிலத்தில் நல்ல கறுப்புக் கல் கிடந்தது. புங்க மரத்தடியில் கட்டில் போட்டு, ஊரே கூடியிருந்தது. மார்செல்லோ ஜமாய்த்தார். பூட்ஸைக் கழற்றினார், வலது கையால் மோர் வாங்கினார், இரண்டாவது சொம்பை மூன்று முறை மறுத்தார். நாயுடு என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பத்திரக் கட்டை எடுத்துவர ஜீப்புக்குப் போனார். நான் மனசுக்குள் என் ஆபீஸ் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கெம்பண்ணா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, மார்செல்லோவின் வலது கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்தார். கூட்டம் நெருங்கி வந்தது.

"மிஸ் லூர்து, இது எத்தனையாவது விதி?" என்று மார்செல்லோ மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அது என்னவென்றே தெரியாது. மாட்டுச் சந்தைப் பக்கம் எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முனிசாமியைக் கேட்டிருக்கலாம். யார், நானா?

"பெரிய மரியாதை இது. பொன்னாடை போர்த்துவது போல. கையை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு மரியாதை" என்றேன்.

இத்தாலிக்காரரிடம் அன்பைக் காட்டச் சொன்னால் கேட்க வேண்டுமா! ஐந்து விரலையும் சேர்த்து ஓர் அழுத்து. கெம்பண்ணாவின் புருவம் ஏறியது. "இன்னொரு தடவை" என்றேன் நான். அழுத்தினார். "மூன்று என்றால் இன்னும் விசேஷம்." அழுத்தினார். கெம்பண்ணா வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டு எழுந்து நின்றார். கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது. நான் கைதட்டினேன். (ஆமாம், கைதட்டினேன். இதை என் வீட்டுக்காரர் நடித்தே காட்டுவார்.)

பத்திரக் கட்டோடு ஓடிவந்த நாயுடுவுக்கும் எனக்கும் சேர்த்து முனிசாமிதான் விளக்கினார். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, ஐந்தும் சேர்த்தால் ஐந்து. இங்கே ஒரு விரலுக்கு ஓராயிரம். கெம்பண்ணா கேட்டது எட்டு. மாரிச்செல்வம் கொடுத்தது பதினைந்து. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது. மாறினால் அந்தப் பக்கத்தில் ஒருவரும் அப்புறம் கல் கொடுக்க மாட்டார்கள்.

"அய்யோ தேவுடா!" என்று நாயுடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "என் கையிலல்லவா போட்டிருக்கணும் அந்தத் துண்டை! போம்மா, ஜீப்புல ஏறி உக்காரு. வாயைத் தொறக்காத."

ஜீப்பில் ஏறி உட்கார்ந்து அழுதேன். அங்கிருந்து கெம்பண்ணாவின் குரல் கேட்டது. "நாயுடு, நான் கேட்டதே எட்டு. எட்டு கேட்டவனுக்குப் பதினஞ்சு தர்றவன் ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல மோசக்காரனா இருக்கணும். எனக்கு ரெண்டும் வாணாம். கல்லு இல்ல, எழுந்து போங்க."

வேலை போயிற்று. கல்லும் போயிற்று. ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம். எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது, முழுக்க என் மேலேயே. செருப்புகூடப் போடாமல் இறங்கி நேரே புங்க மரத்தடிக்குப் போனேன்.

"ஐயா, தப்பு என்னுது. அவருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு, அழுத்துங்கன்னு நான்தான் சொன்னேன். மறுபடியும் துண்டைப் போடுங்க. நானே பேசறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கெம்பண்ணா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "பொட்டப்புள்ள கையை நான் எப்பிடிம்மா புடிக்கிறது?"

"நீ நகரு, நான் புடிக்கிறேன்" என்று ஒரு குரல் வந்தது. கெம்பண்ணாவின் சம்சாரம் லட்சுமம்மா. வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தார். அவர் வீட்டு மாடு என்ன விலைக்குப் போக வேண்டும் என்பது கெம்பண்ணா சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்பே அடுப்படியில் முடிவாகிவிடும் என்று முனிசாமி பிற்பாடு சொன்னார்.

லட்சுமம்மா முந்தானையை என் கைமேல் போட்டார். "ஒரு வெரலுன்னா ஒண்ணு. நடுக்கணுவைத் தொட்டா அரை. வாயில சொல்லக் கூடாது, மூஞ்சியில காட்டக் கூடாது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெளிதேசத்து ஆளு யாருன்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

ஐந்து, அப்புறம் மூன்று. எட்டு என்றார். நான் ஐந்தும் ஒன்றும் பிடித்து ஆறு என்றேன். ஒரு கிள்ளு விழுந்தது (அது விலை இல்லை, கோபம்). நான் அசையவில்லை. ஏழரைக்கு வந்தார். நான் ஆறரை. "கை வேர்க்குது உனக்கு" என்றார் உதடு அசையாமல். "ஒங்களுக்கும்தான்க்கா" என்றேன். நாயுடு என் முகத்தைப் பார்த்தே ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா என்று சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் லட்சுமம்மா என் ஐந்து விரலையும் பிடித்து, பிறகு இரண்டை மட்டும் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திருப்பி ஐந்து, திருப்பி இரண்டு.

முந்தானையை உருவினார். "ஏழு. ஆச்சு."

நாயுடுவின் மனசிலிருந்த கணக்கும் சரியாக ஏழுதான். அதை அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போகிறது, போகட்டும்.

மார்செல்லோ தன் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். "மிஸ் லூர்து, அந்தத் தகர டப்பாக்கள்?" "தெரியாது" என்றேன். முனிசாமியைக் கேட்டோம். யானை வந்தால் விரட்ட. ஜெபத்தை அடித்துவிட்டு யானையை எழுதிக்கொண்டார்.

ஊர் வந்ததும் நாயுடு முகத்தைத் திருப்பாமலே, "திங்கக்கிழமை எட்டரைக்கு வந்துடு" என்றார். "எத்தனை நாளைக்கு சார்?" என்றேன். "ஒன்னை அனுப்பிட்டு இனிமே அந்தப் பொம்பளைங்க கிட்ட கையைக் குடுத்து நானா கிள்ளு வாங்கறது?"

ஆனாலும் ஈஸ்டர் கழிந்ததும் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சூசைராஜ், தர்மபுரியில் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு வேலைக்குப் போவுமா?" என்று கேட்டார். "அய்யய்யோ, மாட்டா, மாட்டா" என்று என் அம்மா முந்திக்கொண்டாள்.

சூசைராஜ் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரித்துத் தன் வலது கைமேல் போட்டுக்கொண்டு, கையை என் பக்கம் நீட்டினார். எங்கள் கதை தர்மபுரி வரைக்கும் போயிருக்கிறது! "எத்தனை வருஷம்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

பெண் பார்க்க வந்த இடத்தில், இரண்டு அம்மாக்கள் முன்னால், ஒரு பங்குச் சாமியார் முன்னால், கைக்குட்டைக்குள் கையை விட்டேன். ஐந்து விரலையும் சேர்த்து ஓர் அழுத்து. இன்னொன்று. இன்னொன்று. ஆறாவதில் என் அம்மா வந்து பிரித்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலை பார்த்தது முப்பத்திரண்டு வருஷம். வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் கையை நீட்டி, விரலை மடக்கிக் காட்டிப் புகார் சொல்வார். "ஆறு தடவை அழுத்தினா, முப்பதுக்குத்தான் நான் சரின்னேன். ரெண்டு வருஷம் என்னை ஏமாத்திட்டா." அவர் சொல்வது நியாயம்தான். துணியை எடுத்த பிறகு பேச்சு மாறக் கூடாது. நான் மாறினேன், அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.