நிற்காத முரசு

மெய்யூர் நாட்டில் எண்ணி முடியாத ஊர்கள். ஊருக்கு ஒரு சூளை, சூளைக்கு ஓர் அச்சுப் பெட்டி. அந்த மர அச்சுகளில் மண்ணை அடித்துச் சுட்டால் வீடு வரும், வாய்க்கால் வரும், ஊர் எங்கே முடியவேண்டும் என்று சொல்லும் எல்லைக்கல்லும் வரும்.

நாட்டுக்கு ஒரே பகை ஒட்டுக்கூட்டம். சொந்தமாகச் சூளை போட்டுப் பிழைக்கத் துப்பில்லாத கூட்டம். சத்தமில்லாமல் ஊருக்குள் நுழைந்து, தன் அச்சை அடுத்தவன் பெட்டியில் செருகிவிடும். ஊர்க்காரன் முதுகொடிய மண் மிதிப்பான். வெளியே வருவது அவர்கள் கல்லாக இருக்கும்.

அதற்காகத்தான் ஊர்தோறும் உளிப்படை. ஊர்வாசல் முரசு அதிர்ந்தால் படை அடைந்திருக்கும் கொட்டடி திறக்கும். படை பாய்ந்து அந்நிய அச்சைக் கொத்திப் பாழாக்கும். முரசு நின்றால் படை உள்ளே போகும், பூட்டு விழும். உளிக்கு நம் அச்சு, பிறத்தியான் அச்சு என்று பார்க்கத் தெரியாது. மரத்தைக் கண்டால் கொத்தும், அவ்வளவுதான்.

கொழுந்தூர்க் கொட்டடிச் சாவி மாடத்தியின் இடுப்பில் இருந்தது. கல் அறுத்துக் காய்த்த கை, பூட்டினால் பூட்டினதுதான்.

ஒருநாள் முரசு அடித்தது. அடித்தது, நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தாள். ஊர்த்தலைவர் தழையப்பன் முரசுக்கோலை நீர்ச்சக்கரத்தில் கட்டியிருந்தார்.

“அண்ணாச்சி, எதிரி எங்க?”

“முரசு கேக்குல்லா? எதிரி இல்லாமலா முரசு அடிக்கும்?”

“அடிக்கது உங்க சக்கரம்லா.”

“சக்கரத்தயே சந்தேகப்படுதியா? நீ எந்தக் கூட்டத்து ஆளு?”

மாடத்தி வீட்டுக்குப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஊர் அச்சில் அறுத்த நேரான கல் ஒன்றை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள்.

கொத்த அந்நிய அச்சு இல்லாத உளிகள் ஊர் அச்சுகளைக் கொத்தத் தொடங்கின. முதலில் வாசல் அச்சு. புதுவீடுகளின் வாசல் இடுப்புயரத்துக்கு வந்தது. ஊரே குனிந்து நுழைந்தது. “ஜனங்களுக்குப் பணிவு வந்துருக்கு” என்றார் தழையப்பன். அடுத்து வாய்க்கால் அச்சு. சாக்கடை அடுப்பங்கரைக்குள் வந்தது. “வீடு தேடித் தண்ணி” என்றார்.

“ஏ சொடல, நிறுத்துவே!” என்று உளிக்காரனின் கையைப் பிடித்தாள் மாடத்தி.

“முரசு கேக்கையில கை நிக்கமாட்டேங்கு மதினி” என்று அழுதுகொண்டே சுடலை எல்லைக்கல் அச்சைக் கொத்தினான். முரசு நிற்காமல் படை உள்ளே போகாது. படை போகாமல் அவள் எதைப் பூட்டுவாள்?

எல்லைக்கல் உருண்டையாக வந்தது. தழையப்பன் காலால் தட்டினார். அது உருண்டு பக்கத்து ஊர் வயலில் போய் நின்றது.

“ஊர் வளந்துட்டு!” என்றார்.

செய்தி கேட்டுப் பேரமைச்சர் வாகைமுடியாரே வந்தார். தலைவரின் புதுவீட்டுக்குள் தவழ்ந்து நுழைந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முழங்கினார்: “இத்தனை நாள் முரசு அறைந்தும் ஒரு பகைவன்கூட அகப்படவில்லை. இதைவிடப் பாதுகாப்பான ஊர் எது? இன்றுமுதல் எல்லா ஊரிலும் முரசைச் சக்கரத்தில் கட்டுக!” ஆணையோடு தூதர்கள் நாலாபக்கமும் குதிரையில் பறந்தார்கள்.

மாடத்தி பானைக் கல்லோடு உள்ளே வந்தாள். “ஐயா, நம்ம கல்லு இப்படித்தான் இருந்துச்சு. கண்ணால பாருங்க.”

அமைச்சர் ஊரில் இப்போது சுடும் கற்கள் முப்பதை வரவழைத்து அதோடு ஒப்பிட்டார். ஒன்றோடும் பொருந்தவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

“இது நம் நாட்டுக் கல் அன்று. பகை பிடிபட்டது! முரசை அறைக!”

“ஏற்கனவே அடிச்சிக்கிட்டுத்தான ஐயா இருக்கு” என்றார் தழையப்பன்.

“அப்படியானால் நிறுத்திவிட்டுப் புதிதாக அறைக!”

சக்கரத்தை நிறுத்தினார்கள்.

ஊர் திடுக்கிட்டது. வெளியே உளிகள் அந்தரத்தில் நின்றன. முரசு நின்றால் என்ன செய்யவேண்டும் என்பது படையின் காலுக்குத் தெரியும். வரிசையாகக் கொட்டடிக்குள் போனார்கள். மாடத்தி கல்லைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் புகுந்து ஓடினாள். குனிந்து பழகிய முதுகு.

“பிடியுங்கள்!” என்று துள்ளி எழுந்த அமைச்சர் நிமிர்ந்தபடியே வாசலுக்குப் பாய்ந்தார். வாசலுக்கு மேலிருந்த சுவர் நெஞ்சில் இடித்தது. பின்னால் வந்த தழையப்பன் அவர்மேல் மோதினார். இருவரும் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

கொட்டடியில் பூட்டு விழுந்தது.

அந்த அமைதியில்தான் அவளுக்குக் கேட்டது. கிழக்கே, எல்லைக்கல் உருண்டு போன திக்கில், டம், டம், டம். இன்னொரு சக்கரம்.

மாடத்தி கல்லை மடியில் கட்டினாள்.

“ஏவே சொடல, எல்லா ஊர்க் கொட்டடிக்கும் பூட்டும் சாவியும் ஒண்ணுதான?”

கதவுக்குள்ளிருந்து பதில் வந்தது. “ஒண்ணுதான் மதினி. ஆனா முரச யாராவது நிறுத்தணுமே?”

அவள் வழியில் கிடந்த கடப்பாரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தாள்.