கண்டல் பாதர் வாயை மூடின நாள்

நாற்பத்தாறு வயதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பாவசங்கீர்த்தனத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அதுவரைக்கும், எட்டு வயதில் பாடமாக்கிய மூன்று பாவங்களைத்தான் வருடாவருடம் பாதரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஒரு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே செபம். அலுவல் முடிந்தது. கண்டல் பாதர் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தார்.

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும், ஒரு ஊரையே சேற்றில் இறக்கிவிட்ட மனிதர் அவரைத் தவிர வேறு ஆளில்லை. சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடத்தில், ஒரு துறவற சபையிலிருந்து, கடல்நீர் தேங்குகிற களப்பின் ஓரத்திலுள்ள எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்தார். கொண்டுவந்தது ஒரு சைக்கிள், ஒரு மண்வெட்டி. வெள்ளை அங்கி முழங்கால் வரைக்கும் சேற்று நிறம். வாய் ஓயாது. பிரசங்கத்தில் உப்புத்தண்ணிச் சேற்றில் வளருகிற கண்டல் மரம், கலியாண வீட்டில் கண்டல் மரம். ஒரு செத்தவீட்டில், பெட்டியை மூட முதலே, செத்தவர் பெயரில் ஒரு கண்டல் நடுவமா என்று பிள்ளைகளிடம் கேட்டார்.

முதல் தவக்காலத்திலேயே குண்டைப் போட்டார். பரிகாரமாகச் செபம் சொல்லச் சொல்வதை நிறுத்திவிட்டு, கண்டல் கன்று நடச் சொன்னார். களப்போரத்தில், பட்டப்பகலில், வெறுங்கையால்.

எங்கள் சனத்துக்குக் கணக்குப் பிடிபட எவ்வளவு நேரம்? கோபத்துக்கு மூன்று, பொய்க்கு ஐந்து, சாராயத்துக்குப் பத்து என்று ஒரு கிழமைக்குள் தெரிந்துவிட்டது. பெண்கள் பிளேன்டீயும் பணிசும் கொண்டுவந்து, கன்றை எண்ணக் கரையில் குந்தினார்கள். ஊருக்கே செபமாலை சொல்லித் தருகிற கோயில் மூப்பர் ஒருநாள் நடத் தொடங்கினார். பத்தைத் தாண்டினார். பதினைந்தைத் தாண்டினார். பதினெட்டாவது கன்றுக்குக் குனியும்போது அவருடைய மனைவி சிலாபத்துக்கு, தாய் வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டார். மானமுள்ள ஆம்பிளைகள் தலவிலக் கோயில் வரைக்கும் போய் வேறு பாதரிடம் பாவம் சொல்லத் தொடங்கினார்கள்.

மூப்பர் ஆட்களோடு போய், பாவசங்கீர்த்தன இரகசியத்தை இப்படியா ஊருக்குக் காட்டுவது என்று கேட்டார். பாதர் அதிர்ந்துபோனார். கன்றை யாரும் எண்ணுவார்கள் என்பதே அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, எல்லாரும் பார்த்திருக்க, தானே இறங்கினார். காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் இருநூறு கன்று நட்டார். கரையில் எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஒரு குருவானவர் அப்படி என்னத்தைச் செய்திருப்பார்? கேள்விப்பட்டு மூப்பரின் மனைவி சிலாபத்திலிருந்து அடுத்த நாளே திரும்பிவிட்டார். "பாதரோட பார்க்கேக்க எங்கட மனுசன் பரவாயில்லை" என்றாராம். அதற்குப் பிறகு ஊரில் ஒருத்தரும் கன்று எண்ணவில்லை.

இனி என் கதை. மீனவர் சங்கத்துக்கு நான் செயலாளர். வெளியூர் முதலாளி ஒருவருக்கு இறால் பண்ணை போடக் களப்போரத்தில் நாலு ஏக்கர் தேவைப்பட்டது. 'அவ்விடத்தில் கண்டல் மரம் எதுவும் இல்லை, வெறும் பற்றைதான்' என்று சங்கக் கடிதத்தாளில் எழுதி, சீல் குத்திக் கொடுத்தேன். பதிலுக்குப் பண்ணையில் மேற்பார்வையாளர் வேலையும் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் கிடைத்தன. தலைக்கு மேலே காகத்தைத் தவிர ஒன்றுமில்லாத இடம். ஆனாலும் நான் அதைக் கழற்றவில்லை.

மண் தோண்டுகிற பெக்கோ மெசின் ஒரே கிழமையில் இரண்டு ஏக்கரை வழித்தெடுத்தது. மிச்ச இரண்டு ஏக்கரில்தான் காசிம் நானா வீச்சு வலை போடுகிறவர். தொண்ணூறில், முஸ்லிம் சனத்தை வெளியேற்றின நேரம், மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்த மனிதர். அந்த வேர்களுக்குள் வளர்கிற இறாலில்தான் அவர் வீட்டு உலை கொதித்தது. பாஸ்குத் திருநாள் முடிந்ததும் அதையும் வெட்டுவதாக இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் என் வழமையான மூன்றையும் ஒப்புவித்தேன். பாதர் "வேற?" என்றார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அந்த மனிதர் சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை. என்னையறியாமல் கடிதத்தைச் சொல்லிவிட்டேன்.

"இதுக்குக் கண்டு நட்டாப் போதாது. கடிதம் பொய் எண்டு சொல்லவேணும்" என்றார்.

"ஐந்நூறு நடுறன், பாதர்."

"சொல்லவேணும்."

"ஆயிரம்."

"ஆயிரமும் நடும். அதையும் சொல்லும்."

இரண்டையும் செய்வதில்லை என்ற தீர்மானத்தோடு வெளியே வந்தேன்.

காசிம் நானாவின் முறைப்பாடு பற்றிப் புதன்கிழமை பிரதேச செயலகத்தில் விசாரணை. அதிகாரி என் கடிதத்தை உரத்து வாசித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. காசிம் நானா எழும்பி, இருபது வருசமாக அந்த மரங்களுக்குக் கீழேதான் வலை வீசுவதாகச் சொன்னார். சங்கம் எழுத்தில் தந்திருக்கிறது, அது பிழை என்று யாருக்காவது தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

சங்கத்தைப் பகைக்க யாருக்கும் துணிவில்லை; எல்லாத் தலையும் பாதர் பக்கம் திரும்பியது. அவருடைய சத்தத்துக்குப் பயந்து அந்தக் கந்தோர்ப் பியோன் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்த காலமும் உண்டு. ஒரு வார்த்தை போதும், என் கதை முடிந்தது. எனக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது.

பாதர் தலையைக் குனிந்து தன் கால்விரலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு குருவானவர் சைகையாலும் வெளியே விடக்கூடாது; திரும்பியிருந்தால் அதுவே காட்டிக்கொடுத்திருக்கும்.

"பாதர், வாயத் தொறங்களேன்" என்றார் காசிம் நானா. "எங்கட சோறு இது."

பாதர் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தன், "இவரையும் முதலாளி வாங்கிட்டார் போல" என்றான். அதுவும் அவர் காதில் விழுந்தது. கழுத்து சிவந்தது.

நான் ஆடிப்போனேன். ஊருக்கே ஓயாமல் கத்துகிற மனிதர், என்னுடைய பொய்க்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என் கால்களுக்கு என்ன பிடித்ததோ தெரியாது. எழும்பி நின்றேன். "சேர், அந்தக் கடிதம் பொய். எழுதினது நான்."

மிச்ச இரண்டு ஏக்கரும் தப்பின. என் செயலாளர் பதவி அடுத்த நாள் போனது. ஹெல்மெட்டைக் கேட்டு முதலாளி அன்று பின்னேரமே ஆள் அனுப்பினார்.

பெக்கோ வழித்த இடத்தில் ஆயிரம் கன்று நட இறங்கினேன். காசிம் நானா என்னோடு கதைக்கவில்லை. ஆனால் ஒரு கட்டுக் கன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் எறிந்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மறுகரைப் பக்கமாக யாரோ நட்டுக்கொண்டு வருவது தெரிந்தது. பாதர். என் ஆயிரத்தை அந்தப் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்தார். நடுவில் சந்தித்தோம். இரண்டு பேரும் இடுப்பு வரைக்கும் சேறு.

"பாதர், நான் எழும்பாம இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை.

"ஒண்டும் செய்திருக்க மாட்டன். உம்மட மூஞ்சையை மட்டும் சாகுமட்டும் பார்த்திருக்க மாட்டன்."