உன் காலி மனையில் எங்கள் படகு

ஓக்லா, யமுனை ஆறு,
கரையிலிருந்து ஆறாவது படகு.
ஆடி 3.

சிரஞ்சீவி தம்பி ஏகாம்பரத்துக்கு உடன்பிறந்த அக்காள் குஞ்சம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் நானும் மகன் பாலசுப்ரமணியமும் மருமகள் இந்திராணியும் அசைந்துகொண்டே சேமம். அவ்விடம் நீயும் உன் சம்சாரம் வேலம்மாளும் அசையாமல் சேமமாக இருக்க முசிறிச் சாமிகள் துணை. ஒரே டில்லியில் இருந்துகொண்டு பத்தொன்பது வருஷமாக நாம் பேசுவதில்லை என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. என் மகள் கல்யாணத்தில் வேலம்மாள் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெல்லம் பத்தலை போல இருக்கு" என்று சம்பந்தியம்மாள் காதில் விழும்படி சொன்னாள். இரண்டாவது பந்தி, மூன்றாவது இலை. அதைப் பேசவா இந்தக் கடிதம் என்றால் இல்லை. உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. மூணாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நானே எழுதுகிறேன். இந்திராணியைச் சொல்லி எழுதினால் வேலம்மாள் வருகிற இடத்தையெல்லாம் மரியாதைக்குப் பயந்து விட்டுவிடுவாள்.

பாலு நேவி ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். எங்கே, இதே டில்லியில், நாற்காலியில். கடலை அவன் ஃபைலில்தான் பார்த்திருக்கிறான். போன வருஷம் முன்கூட்டியே பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவன், ஏலத்தில் ஒரு பழைய பாய்மரப் படகை எடுத்து, ஜனக்புரி வீட்டை ஒரு பேங்க் ஆபீசருக்கு மூன்று வருஷத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, "அம்மா, இனிமே இதுதான் நம்ம வீடு" என்று என்னைக் கையைப் பிடித்து ஏற்றினான். யமுனையில் கிளம்பி, கங்கையில் சேர்ந்து, கல்கத்தாவைத் தொட்டு, அப்படியே கடலோரமாக நாகப்பட்டினம் வந்து இறங்குவதாகத் திட்டம். பூசணிக்காய் உடைத்துக் கிளம்பின அன்றைக்குத்தான் தெரிந்தது, கீழே போனால் அணைக்கட்டு, கதவைத் திறக்க மாட்டான். மேலே போனால் பாலம், பாய்மரம் இடிக்கும். ஃபைலில் இந்த இரண்டும் இல்லையாம். ஆகவே பத்து மாசமாக அணைக்கும் பாலத்துக்கும் நடுவில் கல்கத்தா போய்க்கொண்டிருக்கிறோம். காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் பாயை விரித்தால் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் கிளம்பின இடத்துக்கே பத்திரமாக வந்துவிடலாம்.

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்கிறாயா, நீ கேட்க மாட்டாய், நான் சொல்கிறேன். என் படுக்கை என்பது அரிசிப் பெட்டியின் மூடி. அரிசி எடுக்க நான் எழுந்திருக்க வேண்டும், பருப்பு எடுக்க பாலு எழுந்திருக்க வேண்டும், சாம்பார் வைத்தால் எல்லாரும் நிற்க வேண்டும். பாயின் அடியில் குறுக்கே ஒரு கட்டை இருக்கிறது. காற்று மாறினால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விசிறிக்கொண்டு போகும். பாலு "தலை" என்பான். யார் தலை என்று நான் கேட்பதற்குள் பதில் வந்துவிடும். ரேஷன் கார்டில் விலாசம் மாற்றப் போனோம். ஆபீசர் "மகான் நம்பர்?" என்று வீட்டு நம்பரைக் கேட்டான். பாலு பெருமையாக, "ஜி, ஹமாரா மகான் சல்தா ஹை" என்றான். வீடு நடக்கிறது என்றால் எந்த ஆபீசர் சர்க்கரை கொடுப்பான்? அன்றிலிருந்து சர்க்கரை இல்லாத காபிதான் குடிக்கிறோம்.

இப்போது ஆட்டுக்கல் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போன பிறகு நம் வீட்டிலிருந்து எனக்கென்று வந்தது அந்த ஒரு கல்தான். அதிலும் குழவியை வேலம்மாள் எடுத்து வைத்துக்கொண்டு கல்லை மட்டும் அனுப்பினாள். வேறு குழவி கொத்தி வாங்கினேன், அது போகட்டும். கல்லைப் படகில் ஏற்றினதும் படகு இடது பக்கம் சாய்ந்தது. நான் இடது பக்கம் உட்கார்ந்து மாவாட்டினால் இந்திராணி வலது பக்கத்து விளிம்பில் ஏறி உட்கார வேண்டும். அவள் துணி காயப்போட எழுந்தால் மாவு ஆற்றுக்குப் போகும். இதற்கு நடுவே நங்கூரம் சேற்றில் மாட்டிக் கயிறு அறுந்து போயிற்று. பாலு நாலு பக்கமும் பார்த்தான். கடைசியில் ஆட்டுக்கல்லுக்குப் புடவை மாதிரி கயிறு சுற்றித் தண்ணீரில் இறக்கிவிட்டான். படகு நிமிர்ந்தது, நின்றது. அசல் நங்கூரத்தைவிட இதுவே மேல் என்று அவனுக்குப் பெருமை. எனக்கு வாரத்தில் இரண்டு நாள் கல் வேண்டும், மற்ற நாள் அவனுக்கு என்று பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை இந்திராணியின் அண்ணன் முனிர்காவிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார். விருந்தாளிக்கு இட்லி இல்லாமலா? பாலு கரைக்குப் போயிருந்தான். நானும் இந்திராணியும் சேர்ந்து கல்லை மேலே இழுத்துக் கழுவி அரிசியைப் போட்டுவிட்டோம். உளுந்து பொங்கி வருகிற நேரத்தில் இந்திராணி மெதுவாக, "அத்தை, கரை எதுக்கு அங்க போகுது?" என்றாள். அன்றைக்கு, நாங்கள் படகு கட்டுகிற கரையிலிருக்கும் படகு கிளப்பில் போட்டி. கிளப் செகரெட்டரி ஒரு கர்னல், மீசையும் வெள்ளைக் கால்சட்டையுமாக முதல் ஆளாக வந்துகொண்டிருந்தார். நாங்கள் குறுக்கே போய் அவர் படகின் விலாவில் இடித்தோம். என் மேல் தப்பில்லை, நான் அசையவேயில்லை, ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, "மாதாஜி, ஆங்கர் கிதர் ஹை?" என்று நங்கூரம் எங்கே என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்க பையா, மாவு ஆட்டிட்டுப் போடறேன்" என்றேன். தமிழ் தெரியாதவருக்கு எப்படிப் புரிந்ததோ, புரிந்துவிட்டது.

அதனால் வந்தது வினை. மழைக்காலத்தில் ஆற்றில் ஒரு படகும் நிற்கக் கூடாது என்பது கிளப் சட்டம். வெள்ளம் வந்தால் படகை அணைக் கதவு இழுத்துக்கொள்ளும், அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் விறகாகத்தான் போகும். ஐப்பசி வரைக்கும் கரையேற்றி வைக்க கொட்டகையில் பன்னிரண்டு இடம் உண்டு. அதில் ஒன்றைப் பாலு கெஞ்சி வாங்கியிருந்தான். கர்னல் தலையைத் துவட்டுவதற்கு முன்னால் அதை ரத்து செய்துவிட்டார். ஆடி பதினைந்துக்குள் படகை எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். எங்கே போவது? ஜனக்புரி வீட்டில் பேங்க் ஆபீசர் இருக்கிறார். அந்தக் காலனிப் பூங்காவிலாவது ஒரு மூலை கொடுங்கள் என்று பாலு சங்கத்துச் செயலாளர் மாணிக்கவாசகத்திடம் போனான். அவர் படிவத்தை எடுத்து, "ஸ்கூட்டரா, காரா?" என்றார். "படகு சார்." "அந்தக் கட்டம் இதுல இல்லியே. எத்தனை சக்கரம்?" "சக்கரம் கிடையாது." "அப்ப அது வண்டி இல்லை சார், கட்டடம். அனுமதி வாங்காத கட்டடம். நானே புகார் குடுக்கணும்." ஆற்றங்கரையில் கொட்டில் போட்டிருக்கிற எருமைக்காரர்களிடம் கேட்டோம், எருமைக்கே இடம் பற்றவில்லை என்றார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் பச்சைமுத்துவிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர்தான், "ஏம்மா ஊரெல்லாம் சுத்துறீங்க? ஒங்க தம்பி ஆத்தங்கரை ஓரமா வீடு கட்டி, பக்கத்து மனையும் வாங்கிப் போட்டிருக்காரு. சுரைக்காய்தான் காய்க்குது" என்றார்.

ஆகவே ஏகாம்பரம், நான் நேராகக் கேட்கிறேன். அந்தச் சுரைக்காய் மனையில் நாலு கட்டை நட்டு எங்கள் படகை வைத்துக்கொள்ள ஐப்பசி முதல் தேதி வரைக்கும் இடம் வேண்டும். பிச்சையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறேன். எனக்குக் கல்யாணமான வருஷம் ஆடிக்கு என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக நீதான் வர வேண்டும், அப்பா இல்லாத வீட்டில் நீதான் ஆண்பிள்ளை. வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினவன் வழியில் சேவல் சண்டை பார்க்க இறங்கி, ஆவணி பிறந்த பிறகு வந்தாய். அதுவும் தோற்ற சேவலோடு. ஊர் முழுக்கப் பெண்கள் தாய்வீடு போயிருக்க, நான் ஒருத்தி மாமியார் வீட்டில் ஆடி முழுக்கக் கூழ் காய்ச்சினேன். அந்த ஆடி இன்னும் பாக்கி. நாற்பத்தொன்பது வருஷம் கழித்து அதை இந்த ஆடியில் தீர்க்கச் சொல்கிறேன். வெறுமனே என்னை அழைத்தால் நான் படகோடுதான் வருவேன். உன் சுரைப்பந்தலில் ஒரு இலையைத் தொட மாட்டோம். சமையல் எங்களுடையது எங்களுக்கு. வேலம்மாள் எங்கள் சமையலை ருசி பார்க்க வரக் கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை. இடம் கிடைக்காவிட்டால் பாலு படகைவிட்டு இறங்க மாட்டான், அவன் இறங்காமல் நான் இறங்க மாட்டேன், மேலே தண்ணீர் திறந்துவிடுகிற அன்றைக்கு அணைக் கதவில் போய்ச் சேருவோம். அதற்கப்புறம் காரியத்துக்கு வந்து நீ அழுதால் அது எனக்குத் தேவையில்லை.

நீயும் உன் பிள்ளைகளும் கை நிறைய, வயிறு நிறைய, கால் நனையாமல் வாழ வேண்டும். உன் சர்க்கரை வியாதிக்குக் கசப்பாக எதையாவது சாப்பிடு. மறுதபாலில் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அக்காள்,
குஞ்சம்மாள்.

பின்குறிப்பு: ஆடி 18. மேலே எழுதினதைத் தபாலில் போடச் சொல்லிப் பாலுவிடம் கொடுத்தேன். அவன் கல்கத்தா வரைபடத்துக்குள் வைத்து மறந்துவிட்டான். இன்று காலையில்தான் கிடைத்தது. இடம் கேட்டதை அடித்துவிட்டுப் படி. கிளப்பிலிருந்து பதினைந்தாம் தேதியே படகுக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள், கரையோரம் ஒரு கருவேல மரத்தில் கட்டியிருந்தோம். இன்று விடிகிற நேரத்தில் வெள்ளம் கரையை உடைத்து, மரத்தையும் எங்களையும் சேர்த்துக் கொண்டுவந்து உன் காலி மனைக்கு மேலே நிறுத்திவிட்டது. மனை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, கீழே எங்கேயோ இருக்கும். இப்போது படகை உன் மாடிக் கம்பியில்தான் கட்டியிருக்கிறோம், அனுமதி கேட்க நேரமில்லை. நீ மாடிப்படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக, "அக்கா, உள்ள எடம் இருக்கா?" என்று கேட்டது காதில் விழுந்தது. இருக்கிறது. பருப்புப் பெட்டியின் மூடி உனக்கு. வேலம்மாளைக் கைகொடுத்து ஏற்றியாயிற்று, அவளுக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைத் துடுப்பு நுனியில் செருகி நீட்டுகிறேன், வாங்கி முழுவதும் படித்து முடித்துவிட்டு ஏறு. அவசரமில்லை, தண்ணீர் உன் காலைத் தொட இன்னும் நாலு படி பாக்கி இருக்கிறது.