கண்ணாடிக்குள் ஃபோர்ஹேண்ட்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்டோர் கீப்பர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். அடுத்த ஞாயிறு நடக்கும் டென்னிஸ் இறுதி ஆட்டத்துக்கு மனைவியை அழைத்துப் போவதில்லை.

டிக்கெட் இரண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பியது. "அப்பாவும் அம்மாவும் போயிட்டு வாங்க" என்று எழுதியிருந்தாள். சின்னப் பெண், விவரம் போதாது. வீட்டில் துணி தைப்பவளுக்கும் டென்னிஸுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்தான் சரியான துணை.

ஸ்டோர் கீப்பர் தங்கமான மனுஷர். ராக்கெட்டை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கிறார், அதுவும் கடையில், விலை கேட்பதற்காக. ஆனால் பதினெட்டு வருஷமாக ஒரு ரெஜிஸ்டர் வைத்திருக்கிறார். தொழிற்சாலையில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் எப்படியோ, வீட்டில் உலக ஆட்டக்காரர்களின் ஃபோர்ஹேண்டுக்கு அப்படி. வேகம் ஒரு கட்டம். பந்தின் சுழற்சி ஒரு கட்டம். தோள் எவ்வளவு திரும்புகிறது, மணிக்கட்டு எங்கே மடிகிறது, எல்லாவற்றுக்கும் கட்டம். ஆட்டக்காரர்களின் பெயர்கள் நீளமாக இருந்ததால் அவரே பெயரும் சூட்டிவிட்டார். ஓங்கி அறைகிற நெட்டையன் சம்மட்டி. உடம்பையே சுழற்றி அடிப்பவன் பம்பரம். அடித்த கை தலைக்கு மேலே போய் விளாசுகிற இடதுகைக்காரன் சவுக்கு. அலுங்காமல் குலுங்காமல் அடிப்பவன் வெண்ணெய்.

அடியில் பலம் யாருக்கு? சம்மட்டிக்கு என்பார் இவர், கை நீளமாம். பம்பரத்துக்கு என்பார் டாக்டர். இந்த வழக்கு நாலு வருஷமாக நடக்கிறது.

காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். "இந்தாம்மா, அந்த மேட்ச் இருக்கே... அங்கே ஒரே வெயிலா இருக்கும். உனக்குத் தலைவலி வரும்."

"தொப்பி தைச்சுட்டேங்க. உங்களுக்கும் ஒண்ணு."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீ வர்றியா?"

"பொண்ணு எனக்கும்தானே அனுப்பியிருக்கா?"

"அதில்லைம்மா. டென்னிஸ்னா சும்மா பார்க்கிறதில்லை. ஃபோர்ஹேண்டுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ராக்கெட் பிடிச்ச கைப்பக்கம் வர்ற பந்தை..."

"தெரியும். இருபத்திரண்டு வருஷமா காதுல விழுது."

"காதுல விழுந்தா போதுமா? கண்ணுல தெரியணும்!"

"அப்ப பரீட்சை வைங்க."

ஸ்டோர் கீப்பர் காபியை முழுங்க மறந்தார். பரீட்சை! நியாயமாகவே ஜெயித்து, நியாயமாகவே டாக்டரை அழைத்துப் போகலாம். கடவுளே நேரில் வந்து கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

உடனே ஒரு தாளை எடுத்தார். அவருடைய ஸ்டோரில் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே போகாது. எழுதினார்: "பத்து அடிகள் காட்டப்படும். அடித்தவர் யார் என்று சொல்ல வேண்டும். அதிகம் சரியாகச் சொல்பவருக்கே இரண்டு டிக்கெட்டும். அவர் விருப்பப்பட்டவரை அழைத்துப் போகலாம்."

"இதோட நான் ஒரு வரி சேர்க்கட்டுமா?" என்றாள் மனைவி.

"தாராளமா!"

"நான் எப்பவும் உட்கார்ற இடத்துலதான் உட்காருவேன். ரெண்டு பேருக்கும் அதே இடம்தான்."

அவளுடைய இடம் தையல் மெஷின். அதை எதிர்ச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தாள். டி.வி. அவள் முதுகுக்குப் பின்னால். சுவரில், வாடிக்கைக்காரர்கள் போட்டுப் பார்ப்பதற்காக, ஆள் உயரக் கண்ணாடி. உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் நிற்பார்கள். இவள் கண்ணாடியில் பார்த்தபடியே, "இடது தோள்ல அரை இஞ்ச் இறங்குது" என்பாள். டி.வி.யும் அந்தக் கண்ணாடிக்குள்தான் தெரியும்.

"அவ்வளவுதானே!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். ஸ்டோர் முத்திரை கையில் இருந்திருந்தால் அதையும் குத்தியிருப்பார்.

பரீட்சை நடத்தும் பொறுப்பு டாக்டருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு பென் டிரைவோடு வந்தார். பழைய ஆட்டங்களிலிருந்து பத்து அடிகளைக் கத்தரித்து, முகத்தில் கறுப்புக் கட்டம் ஒட்டி, நிறத்தையும் எடுத்துவிட்டிருந்தார். பல் பிடுங்குகிறவர் அல்லவா, வேலை சுத்தம். மேட்சுக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டைகூட வாங்கிவிட்டாராம்.

"அண்ணி, கஷ்டமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. விட்டுடலாம்."

"பரவாயில்லை தம்பி, போடுங்க." அவள் கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டாள். அவர் வேண்டவில்லை. தேவைப்படவில்லை.

இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கையில் ஆளுக்கொரு தாள். டாக்டர் டி.வி. பக்கத்தில்.

முதல் அடி ஓடியது. இடதுகை! ஸ்டோர் கீப்பர் சிரித்தபடி 'சவுக்கு' என்று எழுதினார். இந்தக் கூட்டத்திலேயே இடதுகைக்காரன் அவன் ஒருத்தன்தான்.

இரண்டாவது அடி. இதுவும் இடதுகை. சவுக்கு.

மூன்றாவதும் இடதுகை! என்ன டாக்டர் இவர், ஒரே ஆளையே போடுகிறாரே? நாலாவது, அப்பாடா, வலதுகை. உயரமும் இருந்தது. சம்மட்டி.

ஐந்தாவது மறுபடியும் இடதுகை வந்தபோதுதான் அவர் திரும்பி டி.வி.யைப் பார்த்தார். அங்கே வலதுகை.

"நிறுத்துங்க! நிறுத்துங்க டாக்டர்! கண்ணாடியில எல்லாம் தலைகீழா... இல்லை... இடம் வலமா தெரியுது!"

"கண்ணாடின்னா அப்படித்தாங்க தெரியும்" என்றாள் மனைவி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இது அநியாயம்!"

"நான் இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் பார்க்கிறேன். உங்களால பத்து நிமிஷம் முடியாதா? கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

கையெழுத்து! மீதி ஐந்தையும் மனசுக்குள் புரட்டிப் போட்டுப் பார்க்கத் தன் வலது கையை வீசினார், பிறகு இடது கையை வீசினார், குண்டூசி டப்பாவைத் தட்டிவிட்டார். அதைப் பொறுக்குவதற்குள் எட்டாவதும் ஒன்பதாவதும் போய்விட்டன.

டாக்டர் தாள்களைத் திருத்தினார். ஒரு தரம் திருத்தினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திருத்தினார். அவர் முகம் வெளுத்தது.

"சார்... உங்களுக்கு ரெண்டு."

"அவளுக்கு?"

"பத்து."

ஸ்டோர் கீப்பர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். அங்கே நாற்காலி இல்லை.

"எப்படி? முகம் தெரியலை! நிறம் தெரியலை!"

"சட்டை தெரிஞ்சுதே" என்றாள் அவள். "வெண்ணெய் அடிச்சா இஸ்திரி கலையாது. சவுக்கு கையைத் தலைக்கு மேல கொண்டு போறப்ப சட்டை மொத்தமா ஏறி வயிறு தெரியும். சம்மட்டிக்கு அக்குள் மட்டும்தான் இழுக்கும். அவன் கையால அடிக்கிறான், உடம்பு சும்மா நிக்குது. பம்பரத்துக்குப் பக்கத் தையல் தொப்புளுக்கே வந்துடும். அவன் இடுப்புல இருந்து அடிக்கிறான். பலம் அவனுக்குத்தான். சம்மட்டிக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல தோள் வலிக்கும் பாருங்க."

பதினெட்டு வருஷ ரெஜிஸ்டர் மேஜைமேல் கிடந்தது. அதில் சட்டைக்குக் கட்டமே இல்லை.

டாக்டர்தான் முதலில் தேறினார். "நான் சொன்னேனா இல்லையா! பம்பரம்!" என்று குதித்தார். அப்புறம்தான் தன் டிக்கெட் போனது ஞாபகம் வந்து, புதுச் சட்டையை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"நீங்க எங்கே இடைவெளி விட்டீங்க?"

அவர் ரெஜிஸ்டரை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். பிறகு கேட்டார்: "யாரை அழைச்சுட்டுப் போகப் போறே?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்களைத்தான். வேற யாரை? தொப்பி உங்க தலைக்குத்தானே தைச்சிருக்கேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில், அவள் நீட்டிய இரண்டாவது தாளைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு இடம்கூட விட்டிருந்தாள். தேதியும் போட்டார்.

அதில் ஒரே வரிதான். "ஆட்டம் முடிகிறவரை அவர் வாயைத் திறக்க மாட்டார்."

இறுதி ஆட்டம் பம்பரத்துக்கும் சம்மட்டிக்கும். மூன்றரை மணி நேரம். ஸ்டோர் கீப்பர் தொப்பிக்குள் வெந்துகொண்டு வாயை மூடியபடி உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்து சீட்டுக்காரரிடம், "இப்ப பாருங்க, பக்கத் தையல் திரும்புது, அடி பலமா வரும்" என்பாள். வரும். இரண்டாவது செட்டுக்குள் முன் வரிசையில் நாலு பேர் ஆட்டத்தை விட்டுத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் குறிப்பே எடுத்தார்.

அந்தக் குறிப்புக்காரர்தான் கடைசியில் ஸ்டோர் கீப்பரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏம்மா, சாருக்கு டென்னிஸ்ல ஆர்வம் இல்லையோ? ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாரே?"

ஸ்டோர் கீப்பர் வாயைத் திறந்தார். அவள் கைப்பையைத் திறந்தாள். மடித்த தாளின் ஓரம் தெரிந்தது. அவர் வாயை மூடினார்.

"ஆர்வமெல்லாம் உண்டுங்க" என்றாள் அவள். "இப்பதான் கத்துக்க ஆரம்பிச்சிருக்காரு."