கறிவேப்பிலைக்கு ஒரு கொசுறு

பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்து, கோவைக் கல்லூரியொன்றில் பாடமும் நடத்திக்கொண்டிருந்த நான், கொத்தமல்லிக் கட்டோடு விமான நிலையத்தில் பிடிபட்டவன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொண்ணூறுகளில் நாட்டின் அந்நியச் செலாவணியைக் காப்பாற்றியவர்கள் டில்லிக்காரர்கள் என்று யாராவது சொன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை. காப்பாற்றியவர் எங்கள் ஊர்க் காரமடையில் இருந்தார். 'டாலர் அண்ணன் வீடு' என்றால் கண்டக்டரே வாசலில் இறக்கிவிடுவார்.

நாட்டுத் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்த செய்தியைப் படித்த அன்று, "நம்மூட்டு நகைய அடுத்தூட்டுல வெச்சாப்பல இருக்குதுங்க சார்" என்று அண்ணன் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை சாப்பிட்ட கையோடு வாழையை அழித்து, இருந்த இரண்டு ஏக்கரிலும் கறிவேப்பிலை நட்டார். இலை வெட்டுக்கு வரும்வரை ஊரைத் திருத்தினார். டீக்கடையில் நான் பஜ்ஜியை எடுத்தால், "பாமாயிலுங்க, மலேசியாவுக்கு டாலர் போகுது" என்று பிடுங்கித் தட்டில் வைத்துவிடுவார். பாதி கடித்திருந்தாலும் சரி.

கடைசியில் துபாய் வியாபாரி ஒருவர் நாற்பது பெட்டி கேட்டார். இலை வாடாமல் வந்தால் வாரா வாரம் வாங்குவார். தவறினால் வேறு ஆள். அண்ணனின் இரண்டு ஏக்கரும் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தன. ஏற்றுமதிப் படிவங்களை நான் நிரப்பினேன். பெட்டியை மூடும் நேரத்தில் அண்ணன் ஒவ்வொன்றிலும் ஒரு கொத்தமல்லிக் கட்டைச் செருகினார்.

"இதெதுக்குங்கண்ணா?"

"கொசுறுங்க. காய் வாங்கறவங்களுக்குக் கறிவேப்பிலை சும்மா குடுக்கறம். கறிவேப்பிலையே வாங்கறவருக்கு ஒண்ணும் குடுக்காட்டி மருவாதியாங்க?"

நியாயமாகப் பட்டது. பாதிப் பெட்டிகளில் நானே செருகினேன்.

கேரளத்து விமான நிலையத்தில் அதிகாரி முதல் பெட்டியைத் திறந்தார்.

"பேப்பர்ல கொத்தமல்லி இல்லையே?"

"எளுதிப்போட்டா அது கொசுறுங்களா?" என்ற அண்ணன், பெருமையாக என்னைக் காட்டினார். "சார் எக்கனாமிக்ஸ் வாத்தியாருங்க. அவருந்தா வெச்சாரு."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சரக்கு ஏற்ற ஒரு மணி நேரமே இருந்தது. தரையில் உட்கார்ந்து நாற்பது பெட்டியையும் பிரித்து, கட்டுகளை உருவி, மறுபடி எடை போட்டோம். கடைசி நாலு பெட்டிக்கு அதிகாரியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். சரக்கு ஏறியது. கொத்தமல்லியை அண்ணன் சுமை தூக்குகிறவர்களுக்குப் பங்கிட்டார்.

நாலாம் நாள் துபாயிலிருந்து போன். இலை வாடவில்லை, வாரா வாரம் அனுப்புங்கள்.

"இனி நாடு பொழச்சுக்குமுங்க சார்!" அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் மனைவி சரசக்கா முறத்தைக் கீழே வைத்தார். "அப்ப வாரா வாரம் கேரளாவுக்கு டெம்போ போகோணும். அது குடிக்கற டீசலுக்கு நாம அரபு நாட்டுக்கு டாலர் குடுக்கோணுமல்லங்க சார்?"

அண்ணன் சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். நாட்டின் இறக்குமதிப் பட்டியலை, கச்சா எண்ணெயை முதலில் வைத்து, வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட கை என்னுடையது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையை எப்படிச் சொல்வது?

"இல்லீங்கக்கா," என்றேன். "டெம்போவுக்கு ஊத்தறது பூராவும் நம்ம நாட்டு டீசலுங்க."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரசக்கா முறத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"காலேசுலயும் இப்பிடித்தா சொல்லித் தாரீங்களாக்கும்? பாவம், பெத்தவிங்க பீசு கட்டறாங்க."