வேகாப் பொருள் சான்றிதழ்

1955 கார்த்திகை மாதம், ராயக்கோட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு சட்டச் சிக்கல் வெந்துகொண்டிருந்தது.

அடுப்பு மங்கம்மாவுடையது. புருஷன் செத்த பிறகு, கடலைக்காய் வேகவைத்து விற்றுத்தான் இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டு வந்தாள். அன்று கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து இறங்கிய வரி அதிகாரி கிருஷ்ணப்பன் நேராக வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பச்சைக் கடலை விளைபொருள், வரி கிடையாது. இது சமைத்த உணவு. வரி கட்டணும்."

"தண்ணியும் உப்பும்தானே சாமி போட்டேன்?"

"நெருப்பும் போட்டிருக்கியே! கட்டாம வித்தா பானை ஜப்தி."

பானை போனால் அடுப்பு மட்டும் எதற்கு? மறுநாள் முதல் மங்கம்மா பச்சைக் கடலை மட்டுமே விற்றாள். பக்கத்தில் பானை சும்மா கொதித்தது. வாங்கியவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாம், இலவசம்.

ஆனால் கடலை வேக ஒரு மணி நேரமாகும். பஸ்ஸோ ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் பத்து நிமிஷம்தான் நிற்கும். தேன்கனிக்கோட்டை விவசாயி நாராயணப்பன் வழி கண்டுபிடித்தார். அவளிடம் வாங்கிய பச்சைக் கடலையைப் பானையில் கொட்டினார். முந்தின பஸ்காரர்கள் போட்டு வெந்திருந்ததை அதே அளவு அள்ளிக்கொண்டார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று.

அதிகாரி ஒருநாள் அவரைக் கையும் கடலையுமாகப் பிடித்தார்.

"நீ தின்னுறது யாரோட கடலை?"

"முந்தின பஸ்ஸுல போனவங்களுதுங்க."

"அவங்க எங்கே?"

"பாலக்கோடு தாண்டியிருப்பாங்க."

"இதுக்கு விலை கொடுத்தியா?"

"இல்லீங்க. நான் போட்டதை அடுத்த பஸ்காரங்க தின்னுவாங்க."

சமைத்தவர் யார், விற்றவர் யார் என்று தெளிவுபடுத்தக் கோரி அதிகாரி மேலிடத்துக்குப் பதினோரு பக்கம் எழுதினார்.

காய்கறி மண்டி திம்மராயனுக்கு ஒரே சிரிப்பு. "அடுப்பு வச்சவங்களுக்குத்தான் இந்தத் தொல்லை. நம்ம கத்தரிக்காய்க்கு என்ன வந்துச்சு?"

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது: 'வேகக்கூடிய தன்மை வாய்ந்த பொருள்கள் யாவும் வெந்தனவாகவே கருதப்படும்.'

திம்மராயன் சிரிப்பை நிறுத்திவிட்டு மனுவோடு ஓடினான்.

"சாமி, எங்க கத்தரிக்கா வேகவே வேகாதுங்க!"

கிருஷ்ணப்பன் நியாயமான மனிதர். "நிரூபிச்சுக் காட்டு" என்றார்.

சோதனைக்கு மங்கம்மாவின் பானையே அரசுப் பணியில் அமர்த்தப்பட்டது. ஒரு காய்க்கு அரைமணி நேரம். மெத்தென்று ஆனால் வரி. கல்லாகவே இருந்தால், 'வேகாப் பொருள்' என்று முத்திரையுடன் சான்றிதழ்.

அதன்பின் சந்தையில் முற்றிய கத்தரிக்காய்க்கும், நார் பாய்ந்த அவரைக்கும், கட்டையாகிப்போன முள்ளங்கிக்கும் வந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. "சர்ட்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டே பெண்கள் பையைத் திறந்தார்கள். இளசானதெல்லாம் மூட்டை கட்டி மைசூர் எல்லை தாண்டிப் போனது. வீடுகளில் விறகு தீர்ந்ததே தவிர, குழம்பில் காய் வேகவில்லை.

பச்சைக்கும் வரி, வெந்ததற்கும் வரி என்றான பிறகு மங்கம்மாவுக்குப் பயம் போய்விட்டது. சோதனை முடிந்த சாயங்காலங்களில், வரி கட்டிவிட்டுப் பழையபடி கடலையை வேகவைத்தாள். ஊரிலேயே மெத்தென்று பல்லுக்குப் பதமாகக் கிடைத்த பொருள் அது ஒன்றுதான். விலையை இரண்டு மடங்காக்கினாள்.

ஒரு சாயங்காலம் கிருஷ்ணப்பன் வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"வீட்ல மூணு நாளா அவரைக்காயம்மா. அரைப்படி போடு."

"வரியோட நாலணா சாமி."

எண்ணிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் திம்மராயன் நின்றான். அவனுக்குப் பின்னால் ஊரே நின்றது. ஒவ்வொருவர் பையிலும் முத்திரை வாங்கிய கத்தரிக்காய் இருந்தது. வரி மிச்சமாயிற்றே என்று, ஒருவரும் அதைத் தூக்கி எறியவில்லை.