செவ்வாயில் தண்ணீர் வரவில்லை

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் தம்பிக்கு,

நான்காம் மாடிக் கடைசி வீட்டுப் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். தண்ணீரின் நலத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

யாரோ வேலையில்லாத கிழவி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நாலு வரி. மூத்த பேரன் பல் வைத்தியன். அவனிடம் பல்லைக் கொடுத்தவர்கள் யாரும் இதுவரை திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. இரண்டாமவன் கப்பலில் வேலை பார்க்கிறான். பதினோரு நாடு பார்த்துவிட்டான், அதில் ஒன்பது நாட்டிலிருந்து எனக்குச் சோப்பு வந்திருக்கிறது. கடைக்குட்டிப் பேத்தி நீச்சலில் இரண்டாம் பரிசு வாங்கினாள். நீந்தியதே இரண்டு பேர்தான் என்று என் தங்கை சொல்லித் திரிவது பொறாமை. நடுப் பேத்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, போன வெள்ளிக்கிழமை உங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே அவள் படத்தைப் போட்டீர்கள். விண்வெளி ஆய்வு நிலையத்தில் இருக்கிறாள். செவ்வாய் கிரகத்திலிருந்து வரும் படங்களைப் பார்த்து, அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது என்று கண்டுபிடித்தவர்களில் அவளும் ஒருத்தி. காய்ந்துபோன வாளியின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு இருக்குமே, அதைப் பார்த்து இதுவரைக்கும் தண்ணீர் இருந்தது என்று சொல்வோம் இல்லையா, அதையே அவள் ஒரு முழு கிரகத்துக்கும் சொல்லியிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போட்ட தலைப்பு, "செவ்வாயில் தண்ணீர் நிச்சயம், உயிர் இருக்கவும் வாய்ப்பு." தம்பி, அதில் 'கிரகம்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் உங்கள் மை தீர்ந்தா போயிருக்கும்? அந்தக் கிரகத்தை நீங்கள் விட்டீர்கள், அது நேரே வந்து எங்களைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் குடியிருப்பில் அப்போது மோட்டார் எரிந்துபோய் மூன்றாம் நாள். கீழே மாடிப்படி அருகே உள்ள அறிவிப்புப் பலகையில், "தண்ணீர் எப்போது வரும் என்பது பின்னர் அறிவிக்கப்படும்" என்று செயலாளர் எழுதி ஒட்டியிருந்தார். நான் தலைப்பையும் படத்தையும் மட்டும் கத்தரித்து அதற்கு நேர் கீழே ஒட்டினேன். பொடி எழுத்து எதற்கு, யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன், அது என் தப்பு என்றால் தப்புதான். படத்தில் பேத்தி, செவ்வாய்க்கு அனுப்பப்போகும் வண்டியின் மாதிரிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். சக்கரமும் கம்பியும் குழாயுமாக இருக்கும். அதைப் பார்த்த கீழ்வீட்டுத் தையற்காரர், புது மோட்டார் வந்துவிட்டது, பக்கத்தில் நிற்பது அதை மாட்ட வந்த இன்ஜினியரம்மா என்று ஐந்து மாடிக்கும் சொல்லிவிட்டார். மூன்றாம் மாடி டீச்சர் மட்டும், கிழமையாக இருந்தால் 'செவ்வாயன்று' என்றல்லவா இருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார். "தண்ணி வரட்டும் டீச்சர், இலக்கணத்தை அப்புறமா கழுவிக்கலாம்" என்று செயலாளர் அவர் வாயை அடைத்துவிட்டார். அந்த இன்ஜினியரம்மா என் பேத்திதான் என்று தெரிந்ததும் தையற்காரர் என்னிடமே வந்து, "பாட்டிம்மா, உங்க பேத்தி சொல்றதை நம்பலாமா, லாரித் தண்ணி வேணாம்னு சொல்லிடவா?" என்று கேட்டார். பேத்தியை நம்பலாமா என்று ஒருவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? "அவ சொன்னா சொன்னதுதான்" என்றேன். அவர் லாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கீழ்க் குழாயடியில் வாளி, குடம், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, டீச்சர் வீட்டுப் பூச்சாடி என்று வாசல்வரை வரிசை. செயலாளர் தன் கையால் குழாயைத் திறந்தார். புஸ் என்று காற்று வந்தது. பிறகு ஒரு கரப்பான்பூச்சி வந்தது. உங்கள் தலைப்பில் உயிர் இருக்க வாய்ப்பு என்று போட்டீர்களே, அந்தப் பாதி மட்டும் பலித்தது. பதினோரு மணிவரை காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக என் வீட்டு மணியை அடித்து, பேத்தி எங்கே, அவள் ஃபோன் நம்பர் என்ன என்று கேட்டார்கள். நான் சளி பிடித்திருந்ததால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

அதற்கப்புறம்தான் தம்பி, அந்த அநியாயம் நடந்தது. மத்தியானம் பார்த்தால் பலகையில் என் பேத்தியின் நெற்றியில் யாரோ பேனாவால் 'போய்' என்று எழுதியிருக்கிறார்கள். 'பொய்' என்று எழுத வந்து, ஒற்றைக்கொம்புக்குப் பதில் இரட்டைக்கொம்பைப் போட்ட ஆசாமி. நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் கொம்பில் எனக்குத் தவறு வந்ததே இல்லை. பேனா பலகையிலேயே நூலில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆனாலும் லாரியை விட்டு ஏமாந்தவர் தையற்காரர்தானே. நேரே போய்க் கேட்டேன். "நான் ஊசி பிடிக்கிறவன் பாட்டிம்மா, பேனா பிடிச்சா நாலு எழுத்துக்கு நாற்பது நிமிஷம் ஆகும், ஆள் பார்த்திருப்பாங்கல்ல" என்றார். நான் நம்பவில்லை. தைக்கக் கொடுத்திருந்த தலையணை உறைகளைத் திருப்பிக் கேட்டுவிட்டு, அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

இப்போது என் கஷ்டம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருகிறாள். பலகையில் உன் படம் இருக்கிறது, போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள் என்று நான் அவளிடம் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறேன். நெற்றியில் 'போய்' என்ற எழுத்தோடு அவள் அதைப் பார்த்தால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கதவைத் திறப்பேன்? வெறும் பலகையைப் பார்த்தாலும் அதே கதைதான்.

மோட்டாரை நேற்று, புதன்கிழமை சரிசெய்துவிட்டார்கள். ஆகையால் உங்கள் திருத்தத்தை இப்படிப் போடலாம்: "புதனில் தண்ணீர் வந்தது, நேரில் பிடித்த பாட்டி உறுதி. உயிர் இருப்பதும் நிச்சயம், இருபது குடும்பம்." பேத்தியிடம் ஃபோனில் படித்துக் காட்டினேன், பாட்டி தயவுசெய்து வேண்டாம் என்கிறாள். நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் பத்திரிகை நாலு திசையும் போய்ச் சேரட்டும். உங்கள் பிள்ளைகள் என் பேரப்பிள்ளைகளைப் போல, இல்லையென்றால் அதற்குக் கொஞ்சம் கீழேயாவது, நன்றாக வரட்டும்.

இப்படிக்கு,
படத்தில் இருப்பவளின் பாட்டி

பி.கு. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், வீட்டில் இருந்த கடைசித் தாள் இதுதான். தையற்காரர் சற்று முன் உறைகளைத் தைத்து முடித்து, தானே மாடியேறிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மனசு கேட்கவில்லை. தம்பி, அந்த எழுத்து என்னுடையது. ஆகாயத்தைப் பார்க்கிற வேலை என்பதால் தண்ணீர் வருகிற நாள் பேத்திக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிரகம் என்பதே செவ்வாய் சாயங்காலம் அவள் ஃபோனில் சொல்லித்தான் தெரிந்தது. அன்று காலையில் அவளை நம்பி, இருந்த ஒரு செம்புத் தண்ணீரையும் தலையில் ஊற்றி, கப்பல் சோப்பைப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தேன். சளியெல்லாம் இல்லை, துண்டுக்குள் இருந்தது நுரை. அந்தக் கோபத்தில் யாரும் இல்லாத நேரம் கீழே போய் எழுதினேன். கண்ணில் சோப்பு, ஒரு கொம்பு இரண்டாகிவிட்டது. இதைப் பிரசுரிக்க வேண்டாம். தையற்காரரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அந்தப் படத்தில் புதிதாக ஒன்று, நெற்றி நன்றாகத் தெரியும்படி, தபாலில் அனுப்பிவைத்தால் போதும். சனிக்குள் வந்து சேர வேண்டும். நான் சொல்வது கிழமையை.